தருமபுரிப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் கல்வியை எங்கிருந்து தொடங்குவது?

சுற்றுச்சூழல் கல்வி என்பது, தாம் குடிக்கும் நீரும் மிதிக்கும் மண்ணும் எதனால் இப்படி இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் தாமே கவனித்து அறியப் பழக்குவதாகும். இதைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனினும், துருவக் கரடியைப் படித்த பிள்ளை தன் ஊர் ஆழ்துளைக் கிணற்றை அறியாமல் போனால் அது அரைகுறைக் கல்வியே.

தருமபுரியில் நீரிலிருந்து தொடங்குவதே பொருத்தம். வெந்தயம் ஊறிய நீரில் கசப்பு இறங்குவதைப் போல, பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நிலத்தடி நீரில் அப்பாறையிலுள்ள ஃபுளோரைடு என்னும் தாது உப்பு இறங்குகிறது. அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைச் சிறுவயது முதல் குடித்துவந்தால் பற்களில் பழுப்புக் கறை படியும், மிகுந்தால் நாளடைவில் எலும்புகளும் பாதிக்கப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பிறந்ததும் இதனால்தான். கிணற்று நீரையும் குழாய் நீரையும் இரு சோதனைக் குழாய்களில் எடுத்து, சோதனைத் திரவத்தை விட்டு, ஃபுளோரைடு மிகுந்த நீரில் இளஞ்சிவப்பு மங்கி மஞ்சளாவதைக் கண்ணால் கண்ட மாணவிக்கு அந்தப் பாடம் மறக்காது. அன்று மாலையே அதை வீட்டில் சொல்லியும் விடுவாள்.

கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு நீங்கிவிடும் எனப் பலர் எண்ணுகிறார்கள். கொதியில் கிருமிகள்தான் சாகும், நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும்.