சில்லறை மாற்றினால் கழித்தல் வரும்

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் 52-இல் 27 போனால் 35 என்று எழுதுகிறான். கடன் வாங்கிக் கழிப்பதை எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுகிறான். என்ன செய்வது?
வாசகி, தென்காசி

பதில்: அவன் மறக்கவில்லை. 2-இல் 7 போகாது என்றதும் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறான். பெரியதிலிருந்து சிறியதை எடுப்பதுதான் கழித்தல் என்று மனதில் பதிந்திருக்கிறது. 'கடன்' என்ற சொல்லும் குழப்பும். கடன் என்றால் திருப்பித் தரவேண்டும். இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. 'சில்லறை மாற்றுவது' என்றே சொல்லுங்கள்.

ஐந்து பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய்க் காசு அவனிடம் கொடுங்கள். உங்களிடம் பத்து ஒரு ரூபாய்க் காசு இருக்கட்டும். "27 ரூபாய் கொடு" என்று கேளுங்கள். ஏழு காசு கொடுக்க அவனிடம் இல்லை. அவனாகவே ஒரு தாளை நீட்டிச் சில்லறை கேட்கும்வரை பொறுங்கள். முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பயன் போய்விடும். மாற்றியதும், "இப்போது உன்னிடம் எவ்வளவு?" என்று கேளுங்கள். காசு நிறைய வந்ததால் பணம் கூடிவிட்டதாகச் சில பிள்ளைகள் நினைப்பார்கள். எண்ணிப் பார்க்கட்டும்: நான்கு தாள், பன்னிரண்டு காசு, அதே 52. இந்த ஒரு இடம் புரிந்தால் மற்றது தானாக வரும். ஏழு காசும் இரண்டு தாளும் கொடுத்த பிறகு மீதி 25.

20, 50 ரூபாய்த் தாள்களும் ஐந்து ரூபாய்க் காசும் வேண்டாம்; பத்து, ஒன்று என்ற அமைப்பு கலைந்துவிடும். நான்கைந்து நாள் பணத்தோடு மட்டும் பழகட்டும். அதன்பின் தாளை மாற்றும் அதே நேரத்தில் நோட்டில் 5-ஐ அடித்து 4, 2-ஐ அடித்து 12 என்று எழுதச் சொல்லுங்கள். 302-இல் 148 போன்ற கணக்கைக் கடைசியில் வையுங்கள். அதில் பத்து ரூபாய்த் தாளே இல்லை. நூறை முதலில் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒன்றை மறுபடியும் காசாக்க வேண்டும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு மகள், கால் பங்கைவிட எட்டில் ஒரு பங்கு பெரியது என்கிறாள்.
வாசகர், திருவாரூர்

பதில்: 4-ஐவிட 8 பெரியது என்பதால் வரும் தவறு. தோசையைப் பிய்த்துக் காட்டாதீர்கள். துண்டுகள் சமமாக வராது, பின்னத்துக்குச் சமம்தான் உயிர். தட்டை வைத்து வட்டமாகக் காகிதம் வெட்டி, மடித்தபடியே சொல்லச் சொல்லுங்கள்: அரை, கால், அரைக்கால். காலில் பாதி அரைக்கால். நம் சொல்லிலேயே கணக்கு இருக்கிறது.

அடுத்து இட்லிக்கு ஊறப்போடும்போது அளக்கும் வேலையை அவளிடம் விடுங்கள். நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்றால், இரண்டுக்கு அரை, ஒன்றுக்குக் கால், அரை டம்ளர் அரிசிக்கு அரைக்கால். எட்டு டம்ளருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். "ஐந்து" என்றால், அரிசியில் நான்கு கூடியதால் உளுந்திலும் நான்கைக் கூட்டியிருக்கிறாள். நான்கு டம்ளர் அரிசி, பக்கத்தில் ஒரு டம்ளர் உளுந்து என்று ஒரு வரிசை. கீழே அதேபோல் இன்னொரு வரிசை. உளுந்து இரண்டுதான் என்பது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: யு.கே.ஜி. பிள்ளை நூறு வரை சொல்கிறான். ஏழு கரண்டி எடுத்துவரச் சொன்னால் தெரியவில்லை.
வாசகி, ஓசூர்

பதில்: ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. பல்லாங்குழி எடுங்கள். ஆட்ட விதி இப்போது வேண்டாம். ஏழு புளியங்கொட்டை கொடுத்து, குழிக்கு ஒன்றாகப் போட்டபடி எண்ணட்டும். வாய் முந்தினால் கையைப் பிடித்து நிதானப்படுத்துங்கள். முடிந்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. திட்டாமல், எல்லாவற்றையும் கையால் வளைத்துக் காட்டி "ஏழு" என்று சொல்லுங்கள்.

கேள்வி: கோலத்தில் கணக்கு சொல்லித்தர முடியுமா?
வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாக. நேர்ப்புள்ளி வாய்ப்பாட்டுக்கு: ஐந்து வரிசை, வரிசைக்கு நான்கு, பக்கவாட்டில் நின்று பார்த்தால் நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து. இடுக்குப்புள்ளி கூட்டலுக்கு: ஏழில் தொடங்கி நான்கில் முடியும் கோலத்துக்கு எத்தனை புள்ளி என்று வைக்கும்முன் கேளுங்கள். நடுவில் 7, மேலே 6, 5, 4 சேர்ந்து 15, கீழேயும் 15. மொத்தம் 37.