பழைய காரின் இன்ஜினைப் பிரிக்கும்போது கனெக்டிங் ராடுகளுக்கு ஏன் நம்பர் அடிக்க வேண்டும்?

"அம்பாசடர் இன்ஜினைப் பிரிக்கிறேன், நான்கு ராடும் ஒரே மாதிரிதானே, நம்பர் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைப்பதுதான் கனெக்டிங் ராடு. பார்வைக்கு நான்கும் ஒரே மாதிரிதான். ஆனால் ராடையும் அதன் கேப்பையும் (கிராங்கைச் சுற்றிப் பிடிக்க ராடின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் பாதி வளையம்) சேர்த்து முறுக்கிய பிறகுதான் பேரிங் உட்காரும் துளையைக் கடைந்து முடிக்கிறார்கள். ஒன்றின் கேப்பை இன்னொன்றில் போட்டால் போல்ட் ஏறிவிடும், துளை மட்டும் சரியான வட்டமாக இருக்காது.

கடலூர் முதுநகரில் வேலை பழகியபோது பெயின்டால் நம்பர் எழுதினேன். மண்ணெண்ணெயில் கழுவியதும் எல்லாம் கரைந்துபோயிற்று. உத்தேசமாக மாட்டி முறுக்கினேன். கிராங்க் அசையவே இல்லை. நான்கையும் மறுபடி கழற்றினோம்.

அதனால் கேப் முறுக்கியிருக்கும்போதே, அது ராடோடு சேரும் கோட்டின் இரு பக்கமும் ஒரே நம்பரை நம்பர் பஞ்சால் லேசாக அடியுங்கள். ஃபேன் பக்கம் இருப்பது 1. தடித்த, தட்டையான இடமாகப் பாருங்கள். நடுத்தண்டில் பஞ்ச் படவே கூடாது, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். எல்லா நம்பரும் ஒரே பக்கம் பார்க்கட்டும், திரும்ப மாட்டும்போது திசையும் தெரியும். கழற்றிய கேப்பை அதனதன் ராடிலேயே கையால் முடுக்கி வைத்துவிடுங்கள்.

புதிய கார்கள் பலவற்றில், ஒரே துண்டாகச் செய்து பிறகு கேப்பை உடைத்துப் பிரித்த ராடு வரும். சேரும் முகம் சொரசொரப்பாக இருக்கும். அதில் பஞ்ச் வேண்டாம்.

அப்புறம், ஒரு ராடை மட்டும் மாற்றினால் எடை பார்க்காமல் போடாதீர்கள். எல்லா ராடுகளின் பெரிய முனையையும் (கிராங்க் பக்கம்) சின்ன முனையையும் (பிஸ்டன் பக்கம்) தனித்தனியாக நிறுத்து, கனமான ராடின் முனையைத் தேய்த்து, லேசான ராடின் அதே முனைக்குச் சமமாக்க வேண்டும்.