வேலைக்கும் அதே கார், டிராக்குக்கும் அதே கார்: பின் டிஃப் பற்றிக் கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கத்தில் பின்சில்லு இழுக்கும் பழைய ஜப்பான் கார்களை நாள்தோறும் ஓட்டிக்கொண்டு, வாய்ப்புக் கிடைக்கும்போது டிராக் போட்டிக்கும் (நேர்கோட்டில் 400 மீற்றர் ஓடுவது) கொண்டுபோகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. டிஃப் என்பது பின் அக்சிலின் நடுவில் இருந்து எஞ்சினின் விசையை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். "எந்த டிஃப் நல்லது?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. என்ன ரயர், என்ன கியர்பொக்ஸ் என்று தெரியாமல் டிஃப் சொல்ல முடியாது.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, என்னுடையது டொயோட்டா கொரோலா கேஈ70. 4ஏ-ஜிஈ எஞ்சின், டி50 கியர்பொக்ஸ், ஏஈ86 கொரோலாவின் பின் அக்சில், 195/50ஆர்15 ரயர். டிஃப் ரேஷியோ 4.3. போன முறை 400 மீற்றர் முடிவில் 130 வந்தது. 4.778 போடவா, 5.125 போடவா?

தம்பி, ரயரையும் கியர்பொக்ஸையும் முடிவு வேகத்தையும் சொல்லிக் கேட்டதற்கே ஒரு தேநீர் வாங்கித் தரலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரேஷியோ 4.3 என்றால், சில்லு ஒரு தடவை சுற்ற டிஃபுக்குள் போகும் தண்டு 4.3 தடவை சுற்ற வேண்டும்.

உன் ரயரின் சுற்றளவு 1.81 மீற்றர் அளவில் வரும். மணிக்கு 130 கிலோமீற்றரில் சில்லு நிமிடத்துக்கு 1,200 தடவை சுற்றும். டி50 பொக்ஸில் மூன்றாவது கியர் 1.384. 4.3 டிஃபோடு அந்த வேகத்தில் எஞ்சின் 7,100ஐ ஒட்டிச் சுற்றும். அதாவது மூன்றாவது கியரிலேயே கோட்டைத் தாண்டுகிறாய், எஞ்சினும் இன்னும் இழுக்கிற இடத்தில்தான் இருக்கிறது. இப்போது 4.778 போட்டால் அதே 130க்கு 7,900 வேண்டும். அந்த எஞ்சினை 7,500க்கு மேல் விரட்டாதே. ஆக 123 அளவில் நான்காவதுக்கு மாற்றியே ஆக வேண்டும். கடைசி ஏழு கிலோமீற்றர் வேகத்துக்காக ஒரு கியர் மாற்றம்! டிஃபில் கிடைத்த லாபத்தில் பெரும்பங்கு கிளச் மிதிக்கிற நேரத்தில் போய்விடும். 5.125 போட்டால் மூன்றாவது 115லேயே முடியும், நான்காவதில் 6,100 சுற்றில் கோட்டைத் தாண்டுவாய். டிராக்கை மட்டும் பார்த்தால் 4.778ஐ விட இதுதான் ஒழுங்காகப் பொருந்துகிறது.

ஆனால் டிராக் ஓடுகிற இடம் எங்கே இருக்கிறது? களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தவுக்குப் போவதென்றால் இங்கிருந்து கொழும்பே 250 கிலோமீற்றருக்கு மேல், அதையும் தாண்டிப் போக வேண்டும். ட்ரெய்லரில் ஏற்றிப் போகிறவன் நீ இல்லை. ஐந்தாவது கியரில் 70ல் போகும்போது 4.3க்கு எஞ்சின் 2,400 சுற்று, 4.778க்கு 2,650, 5.125க்கு 2,850. காதுக்கும் பெற்றோல் காசுக்கும் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. உன் எஞ்சினின் முறுக்குவிசை 150 நியூட்டன் மீற்றர் அளவு. முதல் கியர் 3.587, டிஃப் 4.3, இரண்டையும் பெருக்கினால் பின் அக்சிலுக்கு ஏறத்தாழ 2,300 போகிறது. ஆளோடு சேர்த்து ஒரு டன் காரில், சாதாரண வீதி ரயர் பிடித்து நிற்கக்கூடியது 1,400 அளவுதான். மிச்சம் புகை. இரண்டாவது கியரில் வருவது 1,300. ரயரின் எல்லைக்குச் சற்று உள்ளே. ஆக முதல் கியரில் உனக்கு இழுவை குறைவில்லை, பிடிதான் குறைவு. ரேஷியோவை ஏற்றினால் புறப்படும்போது இன்னும் புகை வரும், அவ்வளவுதான். என் தீர்ப்பு: 4.3ஐ அப்படியே விடு. அந்தக் காசை ரயரிலும் ஒரு எல்எஸ்டியிலும் (ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றதுக்கு விசை கொடுக்கும் டிஃப்) போடு. எஞ்சினைக் கூட்டி முடிவு வேகம் 137ஐத் தாண்டினால் திரும்பி வா, வேறு கணக்குப் போடலாம்.

அதே தம்பி மறுபடியும்: ரேஷியோ மாற்றினால் ஸ்பீடோ மீற்றர் பிழையாகக் காட்டுமா?

காட்டும். உன் காரில் ஸ்பீடோ கேபிள் கியர்பொக்ஸின் பின்புறத்திலிருந்து வருகிறது, டிஃபில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. 4.3ஐ 4.778 ஆக்கினால் மீற்றர் 70 காட்டும்போது உண்மையில் 63தான் போவாய். மறுபக்கம் 3.909 போட்டவர்கள் கவனம்: மீற்றரில் 70, வீதியில் 77. பொலிஸ் கையில் இருக்கும் கருவி உன் மீற்றரைப் பார்ப்பதில்லை.

பாலையூற்றிலிருந்து: டிஃபை வெல்ட் பண்ணினால் மலிவில் முடியும் என்கிறார்கள். தினமும் ஓடுகிற காருக்குச் சரிவருமா?

வெல்ட் பண்ணினால் இரண்டு பின்சில்லும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முதலில் ஏன் அப்படிப் பூட்ட வேண்டும் என்று பார்ப்போம். சாதாரணத் திறந்த டிஃப் இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒன்று வழுக்கினால் அந்தக் குறைந்த அளவே மற்றதுக்கும். பின் அக்சில் ஒரே கட்டையாக உள்ள கார்களில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர்பொக்ஸிலிருந்து டிஃபுக்குப் போகும் தண்டு) முறுக்கு இடது பின்சில்லை அமுக்கி வலது பின்சில்லைத் தூக்கும். அதனால்தான் திறந்த டிஃபோடு கிளச்சை விட்டால் தாரில் வலது பக்கம் மட்டும் ஒரு கறுப்புக் கோடு விழுகிறது. போய்ப் பார், உன் காரும் அப்படித்தான் கீறியிருக்கும்.

வெல்ட் பண்ணினால் இரண்டு கோடு வரும், அது உண்மை. நேர்கோட்டில் குறையே இல்லை. திரும்பும்போதுதான் வினை. வெளிச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், உள்ளே பூட்டிக் கிடப்பதால் ஒரு ரயர் தேய்ந்து இழுபட வேண்டும். ஓர்ஸ்ஹில் வளைவுகளில் மெதுவாக ஏறினாலே ரயர் கீச்சிடும், ஸ்டியரிங் நேராகப் போகவே பார்க்கும். மார்கழி மழையில் அதே கார் முதலில் திரும்ப மாட்டேன் என்னும், பிறகு திடீரென்று வாலை வீசும். அந்த இழுபறி முழுவதையும் அக்சில் ஷாஃப்ட் தாங்குகிறது. நாள்தோறும் முறுக்கி முறுக்கி விட்டால் ஒரு நாள் முறியும். அது டிராக்கில்தான் முறிய வேண்டும் என்று சட்டமில்லை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவு நேரத்தில் முறிந்தால், முதலில் வந்து பார்ப்பது யானையாகவும் இருக்கலாம்.

வெல்டிங்கின் தரமும் ஒரு பிரச்சினை. உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் மேற்பரப்பு கடினமாக்கிய உருக்கு. சூடாக்காமல் சும்மா ஒட்டினால் வெல்டின் ஓரத்தில் வெடிப்பு விடும், துண்டு பெயர்ந்து கிரவுனுக்கும் (டிஃபின் பெரிய பற்சக்கரம்) பினியனுக்கும் (அதைச் சுற்றும் சிறிய பற்சக்கரம்) நடுவில் போனால் மொத்தமும் போச்சு. டிராக்குக்கு மட்டும் ஓடுகிற கார் என்றால் வெல்டை விட ஸ்பூல் (இரண்டு பக்கத்தையும் நிரந்தரமாகப் பூட்டும் உருக்குக் கட்டி) வாங்கிப் போடுவது மேல். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற காருக்கு இரண்டுமே வேண்டாம்.

ஏற்கெனவே வெல்ட் பண்ணி ஓடுகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அக்சில் ஷாஃப்டை வெளியே எடுத்து, நுனியில் உள்ள ஸ்ப்லைன் வரிகளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வரிகள் நேராக இல்லாமல் திருகுபோலச் சாய்ந்திருந்தால் அந்த ஷாஃப்டுக்கு நாள் குறித்தாயிற்று. திரும்பப் போடாதீர்கள்.

நிலாவெளியிலிருந்து: எல்எஸ்டியில் கியர் வகையா, கிளச் வகையா?

கியர் வகை, அதாவது டோர்சன், ட்ரூட்ராக் போன்றவை, தினசரிக்குச் சொர்க்கம். சத்தமில்லை, தேய்கிற தட்டு இல்லை, மழையிலும் மென்மையாகப் பிடிக்கும். ஒரு பலவீனம்: ஒரு சில்லு முழுதாகத் தரையை விட்டு எழும்பினால் திறந்த டிஃப் மாதிரி ஆகிவிடும். அது பிடியுள்ள சில்லுக்குக் கொடுப்பது மற்றச் சில்லில் இருப்பதன் மடங்கு, பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்தான். கிளச் வகை புறப்படும்போது இறுக்கமாகப் பிடிக்கும், பிரித்துத் தட்டு மாற்றலாம், இறுக்கத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். ஆனால் தட்டுத் தேயும், சந்தியில் திரும்பும்போது "டக் டக்" என்று முனகும், ஒயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டும். டூ-வே வகை, காலை எடுக்கும்போதும் பூட்டும், அது டிரிஃப்ட் பிள்ளைகளுக்கு. உங்கள் தேவைக்கு ஒன்-வே (இழுக்கும்போது மட்டும் பூட்டும்) அல்லது ஒன்றரை-வே (காலை எடுக்கும்போது கொஞ்சமே பூட்டும்) போதும்.

வீதி ரயரில் ஓடினால் கியர் வகை. ஸ்லிக் (வரியில்லாத போட்டி ரயர்) போட்டு அதிக சுற்றில் கிளச்சை விடுகிறவர் கிளச் வகை.

கிண்ணியாவிலிருந்து: எங்கள் மச்சானிடம் ஹைலக்ஸ் பின் அக்சில் ஒன்று சும்மா கிடக்கிறது. கொரோலாவுக்குப் போட்டால் உடையவே உடையாது என்கிறார். போடலாமா?

மச்சான் சொன்னதில் பாதி சரி. ஏஈ86 டிஃபில் கிரவுன் 6.7 அங்குலம், ஹைலக்ஸில் 8 அங்குலம். பலத்துக்குக் குறையில்லை. ஆனால் ஹைலக்ஸுக்கு ஆறு ஸ்டட், 139.7 மில்லிமீற்றர் வட்டம். உங்கள் கொரோலாவுக்கு நான்கு ஸ்டட், 114.3. முன்னுக்கு நான்கு, பின்னுக்கு ஆறு என்றால் இரண்டு வகை ஸ்பெயார் சில்லு தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். அகலமும் கூட, சில்லு மட்கார்டுக்கு வெளியே வரும். ஹவுசிங்கை இரண்டு பக்கமும் வெட்டிச் சுருக்க வேண்டும், அக்சில் ஷாஃப்டைச் சுருக்கிப் புதிதாக ஸ்ப்லைன் வெட்ட வேண்டும், இலை ஸ்பிரிங் பிடிகளை அறுத்துவிட்டு நான்கு லிங்குக்கு (கொரோலாவின் அக்சிலைப் பிடித்து நிற்கும் தண்டுகள்) வேறு பிடி ஒட்ட வேண்டும். ஹவுசிங்கை ஜிக்கில் (நேராகப் பிடித்துவைக்கும் சட்டம்) பூட்டாமல் வெல்ட் பண்ணினால் சூட்டில் வளையும், பெயாரிங் தின்னும். எல்லாம் முடிந்து பார்த்தால் காரின் பின்புறம் பாரமாகி, குண்டும் குழியுமான வீதியில் துள்ளும்.

டர்போ போட்டு இருமடங்கு முறுக்குவிசை வரப்போகிறதென்றால் செய்யலாம். சும்மா கிடக்கிறது என்பதற்காகச் செய்யாதீர்கள்.

சீனக்குடாவிலிருந்து: காணொளிகளில் அமெரிக்கர்கள் எல்லாரும் ஃபோர்ட் 9 அங்குலம் என்கிறார்களே, அதில் அப்படி என்ன?

1957இல் வந்த டிஃப் அது. இரண்டு சிறப்பு. கிரவுன், பினியன் எல்லாம் ஒரே கட்டியாக முன்பக்கத்தால் கழன்று வரும், வெவ்வேறு ரேஷியோவில் இரண்டு கட்டி வைத்திருந்தால் போட்டிக்கு ஒன்று, வீதிக்கு ஒன்று என்று மாற்றலாம். இரண்டாவது, பினியனின் மற்ற நுனியிலும் ஒரு பெயாரிங் பிடிப்பதால் கடும் விசையில் பினியன் விலகாது. குறையும் உண்டு. பினியன் கிரவுனின் மையத்தைவிட மிகக் கீழே அமைந்திருப்பதால் பற்கள் கூட உரசும், கொஞ்சம் சக்தி சூடாகப் போகும். எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு அது பொருட்டில்லை, 1600 சிசிக்குப் பொருட்டுத்தான். முன்பக்கத்தால் கழற்றும் வசதிதான் கவர்ச்சி என்றால், அது உங்கள் டொயோட்டா டிஃபிலேயே இருக்கிறது.

மூதூரிலிருந்து: கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய டிஃப் வாங்கப் போகிறேன். கடைக்காரர் சொல்கிற ரேஷியோ சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கழற்றிய கட்டி என்றால் பற்களை எண்ணு. கிரவுனில் 43, பினியனில் 10 என்றால் 4.3. பினியனில் 9 என்றால் 4.778. கிரவுனில் ஒரு பல்லுக்குச் சோக்கால் குறி வைத்துவிட்டு எண்ணு, இல்லாவிட்டால் பேச்சுக் கொடுக்கிற கடைக்காரர் உன்னை இரண்டு தடவை எண்ண வைப்பார்.

காரில் பூட்டியிருந்தால் ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கில் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, அந்தச் சில்லை இரண்டு முழுச் சுற்றுச் சுற்று. திறந்த டிஃபில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. இரண்டு சில்லையும் தூக்கி ஒன்றைச் சுற்றும்போது மற்றது எதிர்த் திசையில் போனால் திறந்த டிஃப். ஒரே திசையில் போனால் எல்எஸ்டி, அல்லது யாரோ வெல்ட் பண்ணியது. மூடியைத் திறந்து பார்க்காமல் "எல்எஸ்டி" விலை கொடுக்காதே.

பற்களில் விரலால் தடவிப் பார். ஒரு பக்கம் படிபோல் தேய்ந்திருந்தாலோ, நீலம் பாய்ந்திருந்தாலோ வேண்டாம். கிரவுனையும் பினியனையும் சோடியாகவே வாங்கு. வெவ்வேறு சோடியிலிருந்து ஒவ்வொன்று எடுத்துப் பூட்டினால் ஊளையிடும்.

அன்புவழிபுரத்திலிருந்து: தம்பியின் காரை இப்போது நான்தான் வேலைக்கு ஓட்டுகிறேன், அண்ணா. வெள்ளத்துக்குள் ஓடியபிறகு 60க்கு மேல் பின்னால் "ஊ" என்று ஒரு சத்தம். டிராக் ஓடியதால் டிஃப் போய்விட்டதா?

தங்கச்சி, முதலில் டிஃபின் மேல் மூடி போல்டைக் கழற்றி ஒரு விரலை விட்டு ஒயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான டிஃப் வெள்ளத்தில் இறங்கியவுடன் குளிர்கிறது, உள்ளே காற்றுச் சுருங்குகிறது, காற்றுக்குழாயாலும் சீலாலும் தண்ணீரை உறிஞ்சுகிறது. இங்கே காற்றுக்குழாயின் சிறு மூடியை உப்புக்காற்று துருவேற்றி அடைத்திருக்கும். அதையும் கழற்றித் துப்புரவாக்கச் சொல்லுங்கள். உடனே ஒயிலை மாற்றுங்கள். மாற்றியபிறகும் சத்தம் இருந்தால், எக்ஸிலேட்டர் அழுத்தும்போதா, காலை எடுக்கும்போதா என்று கவனியுங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் பற்கள். எப்படி ஓட்டினாலும் ஒரே மாதிரி வந்தால் சில்லுப் பெயாரிங்காக இருக்கலாம், அது செலவு குறைவு. தம்பியைத் திட்டுவதைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள்.

கந்தளாயிலிருந்து: என்னுடையது சிவிக். பின் டிஃப் போட முடியுமா?

முன்சில்லு இழுக்கும் கார். உங்கள் டிஃப் கியர்பொக்ஸுக்குள் இருக்கிறது. அதற்கும் எல்எஸ்டி உண்டு, ஆனால் அது வேறு கதை.

பெயர் சொல்லாத ஒருவர்: இரவில் நிலாவெளி வீதியில் ஓடிப் பார்க்க எந்த ரேஷியோ?

அந்த வீதியில் மாடு படுத்திருக்கும், மீன்காரர் சைக்கிளில் விளக்கில்லாமல் வருவார். அடுத்த கேள்வி.

திருக்கடலூரிலிருந்து: புதுக் கிரவுன், பினியன் பூட்டியாயிற்று. என்ன ஒயில், எப்படி ஓட்டுவது?

ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90. கிளச் வகை எல்எஸ்டி என்றால் அதற்கென்று எழுதியிருக்கும் ஒயிலையே வாங்குங்கள், இல்லாவிட்டால் தட்டு முனகும். முதல் நாள் இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி, கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறவிடுங்கள். பிறகு மறுபடியும். இப்படிச் சில தடவை. முதல் 800 கிலோமீற்றர் வரை முழு இழுவை வேண்டாம், பாரமும் ஏற்ற வேண்டாம். அப்புறம் ஒயிலை வடித்து மாற்றுங்கள், வடிப்பு போல்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் இயல்புதான். நகத்தில் மாட்டுகிற துண்டு இருந்தால் பூட்டியவரிடமே திரும்பக் கொண்டுபோங்கள். அவர் பற்களின் இடைவெளியை டயல் வைத்து அளந்தாரா என்று கேளுங்கள். டொயோட்டாவுக்கு 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர். "கையால் ஆட்டிப் பார்த்தேன், சரிதான்" என்றால் வேறு கராஜ் தேடுங்கள்.