கப்பல் நின்றுபோனால் அறை வாடகை யார் தலையில்?

கேள்வி: நாங்கள் லீட்ஸில் இருக்கிறோம். ஆகஸ்டில் பிள்ளைகளோடு எட்டு நாள், ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரைட்ஸ் தீவுகளைக் காரில் சுற்றப்போகிறோம். தெற்கே பாராவில் ஆரம்பித்து வடக்கே லூயிஸில் முடிக்க எண்ணம். ‘ரத்து செய்தால் பணம் திரும்பாது’ என்ற நிபந்தனைக்குச் சம்மதித்தால் அறைகள் எல்லாம் 15 சதவீதம் குறைவாகக் கிடைக்கின்றன. எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அறையைத் தொடுவதற்கு முன் கப்பலில் காருக்கு இடம் பிடித்துவிட்டீர்களா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘அந்தத் தூரத்தைச் சாலையில் ஓட்டினால் எவ்வளவு ஆகும்’ என்ற கணக்கில் கட்டணம் வைக்கும் முறை 2008இல் இந்தத் தீவுகளில் சோதனையாக வந்தது. கட்டணம் இறங்கியதும் எல்லோரும் காரோடு கிளம்பிவிட்டார்கள். நடந்து ஏறுபவருக்குக் கோடையிலும் பெரும்பாலும் இடம் இருக்கும். கார்த்தளம்தான் சீக்கிரம் நிரம்பிவிடும்.

உங்கள் பாதையில் நான்கு கப்பல்கள். ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் ஓபனிலிருந்து பாராவின் காசில்பேக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பாராவிலிருந்து எரிஸ்கேக்கு 40 நிமிடம். எரிஸ்கே முதல் தெற்கு யூயிஸ்ட், வடக்கு யூயிஸ்ட் வழியாக பெர்னரே வரை கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட சாலைகள் தீவுகளை இணைப்பதால் கப்பல் தேவையில்லை. பெர்னரேயிலிருந்து ஹாரிஸுக்கு ஒரு மணி நேரம். ஹாரிஸும் லூயிஸும் ஒரே நிலப்பரப்புதான். கடைசியாக லூயிஸின் ஸ்டோர்னவேயிலிருந்து பெருநிலத்தின் உல்லாபூலுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். இந்த நான்கில் ஒன்று நின்றால் போதும், அதற்கு அடுத்த அறைகள் எல்லாம் வரிசையாகச் சரியும். ஆகஸ்டிலும் அங்கே காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை.

அப்படி நின்றால் என்ன கிடைக்கும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டுக் கடல் பயணிகள் உரிமை விதி, பிரிட்டன் விலகிய பிறகும் அங்கே தொடர்கிறது. அதன்படி கப்பல் ரத்தானால் வேறு வழியில் பயணம் அல்லது கட்டணம் திரும்ப, இரண்டில் ஒன்றை நீங்கள் கேட்கலாம். இரவு தங்க நேர்ந்தால் அதற்கான ஏற்பாட்டில்தான் சிக்கல். கப்பல் பழுதென்றால் முடிந்தவரை அது நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் பாதுகாப்பாக ஓட்ட முடியாத வானிலை என்று நிரூபித்துவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லை. ஆகவே ரத்துச் செய்தி வந்தவுடன் காரணத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய்ச் சேராத தீவில் காத்திருக்கும் அறைக்கோ இந்த விதியில் ஒரு காசும் கிடையாது. அந்த 15 சதவீதத்துக்காக நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கப்போவது இதைத்தான்.

முதல் கப்பலே கிளம்பாவிட்டால் ஸ்கை தீவின் யூக்கிலிருந்து வடக்கு யூயிஸ்டின் லாக்மாடிக்கு இன்னொரு வழி உண்டு. பாராவை இழப்பீர்கள், மற்றவை மிஞ்சும். கடைசி நாளை உல்லாபூலில் சும்மா வைத்திருங்கள். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர் ஸ்டோர்னவேயின் கடைசிக் கப்பலை நம்பக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை எந்தத் தீவில் விழுகிறது என்றும் பாருங்கள். பாராவிலும் தெற்கு யூயிஸ்டிலும் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், அவ்வளவு கெடுபிடி இல்லை. லூயிஸும் ஹாரிஸும் ஓய்வுநாளைக் கடுமையாகக் காக்கும் ஊர்கள். ஸ்டோர்னவேக்கு ஞாயிறு கப்பல் ஓடத் தொடங்கியதே 2009இல்தான்; அங்குள்ள டெஸ்கோ பல்பொருள் அங்காடி ஞாயிறு திறக்கத் தொடங்கியது 2024 நவம்பரில். சனிக்கிழமையே பெட்ரோலும் பாலும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள், குழந்தைகளோடு போகிறீர்கள்.

கார் வாடகைக்கு எடுப்பதென்றால், தீவுக்குக் கப்பலில் ஏற்ற அனுமதி உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். அறைக்காரர்களிடமும் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி: “கப்பல் நின்றால் தேதியை மாற்றித் தருவீர்களா?” வீட்டிலேயே இரண்டு மூன்று அறை விடுகிறவர்கள் அந்தக் கடலோடு வாழ்பவர்கள், அவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ‘ஆம்’ என்று எழுதித் தருகிறவரிடம் முழு விலை கொடுத்தே எடுங்கள்.