பழைய மோட்டார் சைக்கிளில் ஒயில் கசிவு: கேள்வியும் பதிலும்

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், திருகோணமலையில் பழைய ஹொண்டா சீடி 125, எம்டி 90, சீ 90 வண்டிகளை விற்காமல் பழுதுபார்த்தே ஓட்டுபவர்கள் கூடிவிட்டார்கள். அநுராதபுரச் சந்திப் பக்கத்தில் நெடுங்காலம் கராஜ் வேலை செய்தவன் என்பதால், ஒயில் கசிவு பற்றி என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (உப்புவெளி): ஐயா, என் சீடி 125 வண்டியின் எஞ்சின் அடிப்பகுதி முழுவதும் ஒயில் படிந்திருக்கிறது. எங்கே கசிகிறதென்று பிடிபடவில்லை. மூட்டுகளுக்கு இடையே வைக்கும் கஸ்கட்டுகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். ஆகவே சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. முதலில் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு எஞ்சினைத் தேய்த்து, சவர்க்கார நீரால் கழுவி, நன்றாக உலர விடுங்கள். பின்னர் மூட்டுகள் எல்லாவற்றின் மீதும் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு, நிலாவெளி வரை ஓடித் திரும்பி வாருங்கள். சூடு ஆறுவதற்கு முன்பே டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால், பவுடர் நனைந்து கறுத்திருக்கும் இடங்களுள் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அதுவே பெரும்பாலும் ஊற்றுக்கண். பலருக்கு அது டப்பெற் மூடியின் (வால்வைச் சரிசெய்யத் திறக்கும் மூடி) ஓ றிங்காக, அதாவது றப்பர் வளையமாக முடிந்திருக்கிறது. நகத்தால் அழுத்தியும் அமுங்காமல் பிளாஸ்டிக் போல இறுகிவிட்ட ஓ றிங்கை மாற்றுவது சில நிமிட வேலை. அதற்காக எஞ்சினைப் பிரிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி (கிண்ணியா): சிலிண்டர் புளொக்கின் அடிக் கஸ்கட்டை இரண்டு தடவை மாற்றியும் ஒரு மாதத்துக்குள் மறுபடி கசிகிறது. கஸ்கட் தரமற்றதா?

பதில்: கஸ்கட்டைக் குறை சொல்வதற்கு முன்னர் பிறீதர் குழாயைப் பாருங்கள். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் பெட்டிக்குள் இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது; பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கும் புகையும் அதனோடு சேர்கிறது. இந்த அமுக்கம் வெளியேறுவதற்கென்று விடப்பட்ட வழிதான் பிறீதர். அது அடைபட்டால், அமுக்கம் எந்த மூட்டு பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியே ஒயிலைத் தள்ளிக்கொண்டு வரும். மழைக்காலம் முழுவதும் திண்ணையில் நின்ற வண்டியொன்று ஒருமுறை என்னிடம் வந்தது. அதற்கும் உங்களுடையதைப் போலவே இரண்டு கஸ்கட் மாற்றப்பட்டிருந்தது. குழாயைக் கழற்றி ஊதினேன், காற்றுப் போகவில்லை. மெல்லிய கம்பியால் குடைந்தபோது குளவி கட்டியிருந்த மண்கூடு துண்டு துண்டாக உதிர்ந்து விழுந்தது, உள்ளே காய்ந்துபோன சிலந்திகளோடு. குழாயைத் துப்புரவாக்கியதும் கசிவு நின்றுவிட்டது. மூன்றாவது கஸ்கட் தேவைப்படவில்லை.

உங்கள் குழாய் திறந்தே இருந்தால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிறீதர் முனையில் விரலை வைத்துப் பாருங்கள். இலேசாகக் காற்று வந்து போவது இயல்பு. புகை தொடர்ந்து வேகமாகத் தள்ளினால் வளையங்களோ சிலிண்டரோ தேய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். அந்நிலையில் எந்தக் கஸ்கட்டும் நெடுநாள் தாங்காது.

கேள்வி (மூதூர்): சேர், கஸ்கட் கிடைக்கவில்லை. சிலிக்கன் மட்டும் பூசி மூடலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். இரு பக்கமும் தடிப்பாகப் பூசி முறுக்கும்போது வெளியே பிதுங்குவது உங்கள் கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருப்பது தெரியாது. அது உரிந்து போய் ஒயில் பம்பின் வலையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். கஸ்கட் தாளை வாங்கி, பழையதன் தடிப்பிலேயே, மூடியை அச்சாக வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். பழைய கஸ்கட்டைச் சுரண்ட ஸ்குரூ டிரைவரைத் தொடாதீர்கள். அலுமினியத்தில் விழும் ஒரு கீறலே புதிய கசிவாகும். ஸ்குரூக்களை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும். மணிக்கட்டின் பலமே போதும், தோளின் பலம் தேவையில்லை.

கேள்வி (நிலாவெளி): முன் செயின் பல்சக்கரத்தின் பின்னால் ஒயில் வழிகிறது. நான் தினமும் வண்டியைக் கரைவலை இழுக்கும் இடம் வரை கொண்டுபோகிறவன்.

பதில்: கடற்கரை மணல் செயின் கிறீஸோடு சேர்ந்து அரம்போலாகி, ஒயில் சீலின் (தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் றப்பர் வளையம்) உதட்டைத் தின்றிருக்கும். முதலில் மூடியைக் கழற்றித் துப்புரவாக்குங்கள். அங்கே கியர் மாற்றும் தண்டின் சீலும் பக்கத்தில் இருப்பதால் இரண்டில் எது கசிகிறது என்று உறுதி செய்ய வேண்டும். பின்னர் பல்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமிருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது, புதிய சீல் நிற்காது. செயினை அளவுக்கு மீறி இறுக்கி ஓட்டியவர்களுக்கே இது கூடுதலாக வரும். ஆட்டம் இல்லையெனில் சீலை மட்டும் மாற்றலாம். அதன் முகத்திலுள்ள மூன்று எண்களும் உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு ஆகியவற்றைக் குறிக்கும். பழையதைக் கடைக்குக் கொண்டுபோனால் தவறு நேராது. சிறு சுருள்கம்பி தெரியும் பக்கம் எஞ்சினை நோக்கியிருக்க வேண்டும். தண்டின் பற்கள் உதட்டை வெட்டாதபடி மெல்லிய பொலித்தீனைச் சுற்றி, உதட்டில் கிறீஸ் தடவி ஏற்றுங்கள். பழைய உதடு ஓடிய இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருந்தால், புதியதை ஒரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ அமர்த்துவது நல்லது.

கேள்வி (தம்பலகாமம்): ஒயில் வடிக்கும் போல்ட் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிறது.

பதில்: இறுக்குவதை உடனே நிறுத்துங்கள். வாசரை மட்டும் புதிதாகப் போட்டுப் பாருங்கள். போல்ட் முடிவின்றிச் சுற்றினால் மரை போய்விட்டது. லேத் பட்டறையில் ஹெலிகோயில் (புதிய மரையாக அமையும் கம்பிச்சுருள்) போட்டுத் தரச் சொல்லுங்கள். மரையில் நூலைச் சுற்றி ஓட்டுவது வழியில் போல்ட்டை இழப்பதற்கான வழி.

கேள்வி (உவர்மலை): 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஒயிலை ஊற்றினால் கசிவு நிற்குமா? சிறு கசிவை அப்படியே விடலாமா?

பதில்: சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் தடித்த ஒயில் சற்றுக் குறைவாகக் கசியலாம்; ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். எதை ஊற்றினாலும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற ஜப்பானியத் தரக்குறி போத்தலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளச் வழுக்கக்கூடும். வெறும் ஈரமாக மட்டும் இருக்கும் மூட்டை விட்டுவிடலாம். பின் டயரிலோ பிரேக்கிலோ ஒரு துளி பட்டாலும் அன்றைக்கே சரிசெய்யுங்கள். அளவைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்: வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, அளவுகோலைத் துடைத்து, மரையில் திருகாமல் வெறுமனே உள்ளே வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்ப்பவர்களுக்கு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும், குறைவாக ஊற்றிவிடுவார்கள். மேல் கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் கசிவைத் தரும். அளவு தானாகவே ஏறி, ஒயில் பெற்றோல் மணத்தால், கார்பரேட்டர் ஊசி வால்வு ஒழுகுகிறது. அதைச் சரிசெய்து ஒயிலை மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.