கசப்பு பிடிக்காதவர் எந்த பியரில் தொடங்கலாம்?

சொந்தமாக பியர் வடிக்கும் பப்புக்குப் போய் ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற பியர் வகை) கேட்டதாகவும், கசப்பில் காரமான கோழி வறுவல்கூட ருசிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாரம் நண்பர்கள் மீண்டும் அழைக்கிறார்களாம். தாராளமாகப் போங்கள். பியரே உங்களுக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்!

ஐபிஏவில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ அதிகம். கசப்பு அதன் இயல்பு. காரமான உணவு அந்தக் கசப்பை இன்னும் தூக்கிக் காட்டும், மதுவும் எரிச்சலைக் கூட்டும். காரம்தான் வேண்டுமென்றால் ஜெர்மானிய வகைக் கோதுமை பியர் கேளுங்கள். கசப்பு மிகக் குறைவு. அதில் வாழைப்பழ, கிராம்பு வாசனை வரும். பழமோ மசாலாவோ சேர்ப்பதில்லை, அத்தனையும் ஈஸ்ட் செய்கிற வேலை. எனக்கு இதைவிட நல்ல தொடக்கம் தெரியவில்லை. சுட்ட இறைச்சிக்கு ஸ்டவுட் என்ற கரும் பியர் அருமையாகப் பொருந்தும். கருகும் அளவுக்கு வறுத்த பார்லிதான் அதற்குக் காப்பி மணம் தருகிறது.

முழுக் கோப்பை வாங்குமுன் மாதிரித் தட்டு உண்டா என்று கேளுங்கள். சிறு கோப்பைகளில் நான்கைந்து வகை வரும். மென்மையானதில் தொடங்கிக் கசப்பானதைக் கடைசிக்கு வையுங்கள். பலகையில் ஆல்கஹால் சதவீதத்தையும் பாருங்கள்: 5 சதவீத பியரும் 9 சதவீத பியரும் ஒரே அளவில் குடிக்கக்கூடியவை அல்ல. வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.