சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடும் நாய்

கேள்வி: அக்கா, வணக்கம். போன ஐப்பசி மழையில் கொள்ளிடக் கரையில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு ஷிட்ஸு நாயை நானும் என் கணவரும் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். மூன்று வயது இருக்கும் என்றார் மருத்துவர். தடுப்பூசி போட்டாயிற்று, பெயர் அப்பு. நன்றாகச் சாப்பிடுகிறான், என் காலடியில்தான் தூங்குகிறான், ஆனால் சீப்பை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். முடி முழுக்கச் சிக்குப் பிடித்துவிட்டதால் நாய்க்கு முடி வெட்டும் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். வாயில் மஸில் மாட்டி, கழுத்தைக் கட்டி, இரண்டு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். கத்திக் கத்திப் பார்த்துவிட்டு அப்புறம் அசையாமல் நின்றுவிட்டான். “பாருங்க, பழகிட்டான்” என்றார்கள். பாதி முடிதான் வெட்டினார்கள். அன்றிலிருந்து காலைத் தொட்டாலே உறுமுகிறான். போன வாரம் காதுக்குப் பின்னால் சீப்பை வைத்தபோது என் கையைக் கடித்துவிட்டான், லேசான கீறல்தான். நாலு தட்டு தட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?
— வாசகி, திருச்சி

பதில்: முதலில் உங்கள் கை. நாய்ப் பல் பட்டு லேசாகக் கீறியிருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அப்புறம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று நாமே முடிவுசெய்து விட்டுவிடக் கூடாது, அதிலும் முன்கதை தெரியாத நாய் இது. இன்னும் போகவில்லை என்றால் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

சரி, இப்போது அப்பு. உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய வார்த்தை “பழகிட்டான்” என்பதுதான். அவன் பழகவில்லை அம்மா, கைவிட்டுவிட்டான். 1967-ல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தாங்கள் என்ன செய்தாலும் நிற்காத மின்அதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பெரும்பாலானவை, பிறகு சின்னத் தடுப்பு ஒன்றைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற இடத்திலும் தாண்டாமல் படுத்தே கிடந்தன. படிக்கவே மனம் கனக்கும் சோதனை. ஆனால் அதிலிருந்து நமக்குக் கிடைத்த அறிவு பெரியது: அசையாமல் இருக்கிற நாய் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள் இல்லை. அன்று கடையில் அப்புவும் இப்படித்தான் அடங்கியிருக்கிறான். வீட்டுக்கு வந்து உங்களிடம் உறுமுகிறான் என்றால், உங்களிடம் சொன்னால் கேட்பீர்கள் என்று அவனுக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அதனால் உறுமலுக்கு அடிக்கவே கூடாது. உறுமல் எச்சரிக்கை. அடித்தால் உறுமுவதை நிறுத்திவிடுவான், பயம் அப்படியே இருக்கும், அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் நேராகப் பல் வரும். மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள், பெரியவர்கள் காரணம் தெரிந்தால் கேட்பார்கள். உறுமலுக்கு முன்னாலேயே அவன் வேறு பலதும் சொல்லியிருப்பான்: மூக்கை நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொள்வது, உடம்பு விறைப்பது. இவற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் உறுமல்வரை போகவே வேண்டியிருக்காது.

ஷிட்ஸு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாய்கள் உடம்புச் சூட்டைத் தணிப்பதே பெரும்பாலும் வாயைத் திறந்து மூச்சிரைப்பதன் மூலம்தான். தட்டை மூக்கு நாய்க்கு ஏற்கெனவே மூச்சு சிரமம். அதன் வாயையும் இறுகக் கட்டி, திருச்சி வெயிலில், டிரையர் சூட்டில், பயத்தோடு நிறுத்தினால் சூட்டில் மயங்கி விழலாம், உயிரே போகலாம். இந்த இன நாய்களின் கண் குழியும் ஆழம் இல்லாதது, பிடரியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் கண்விழி வெளியே வந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே ‘பிடித்து முடித்துவிடலாம்’ என்பது இவனுக்கு எந்த நாளும் வேண்டாம்.

பயிற்சிக்கு முன்னால் மருத்துவரிடம் ஒருமுறை. காலைத் தொட்டால் உறுமுவது கடையின் பயமாக இருக்கலாம், வலியாகவும் இருக்கலாம். சின்ன இன நாய்களுக்கு முழங்கால் சில்லு விலகுவது சகஜம், காதில் சீழ், விரலிடுக்கில் உண்ணி, வளைந்து சதையில் குத்தும் நகம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். வலியை வைத்துக்கொண்டு எந்த நாயும் எதையும் பழகாது. அங்கேயே, மிச்சம் இருக்கிற சிக்கையும் மயக்க மருந்து கொடுத்து மழித்துவிடச் சொல்லிவிடுங்கள். சிக்கு ஒவ்வொரு அடிக்கும் தோலை இழுத்துக்கொண்டே இருக்கும், அடியில் ஈரம் தேங்கிப் புண்ணாகும். அதைச் சீப்பால் பிரிக்க முயன்றால் சீப்பு என்றாலே வலி என்பது உறுதிப்படும். கத்தரிக்கோலால் நீங்களே வெட்டவும் வேண்டாம், சிக்கோடு தோலும் மேலே இழுபட்டு நிற்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். சிக்கோடு குளிப்பாட்டவும் கூடாது, நனைந்து காய்ந்தால் இன்னும் இறுகும். மொட்டையாக அவன் பார்க்கப் பாவமாக இருப்பான், பரவாயில்லை. ஷிட்ஸு முடி நம் முடி மாதிரி வளர்ந்துகொண்டே இருப்பது. அது வளர்ந்து வருகிற சில வாரம்தான் உங்களுக்குக் கிடைக்கிற அவகாசம், அந்த நாட்களில் சீப்பு ஒருமுறைகூட வலிக்கப் போவதில்லை.

பழைய சீப்பைத் தூக்கிப் போடுங்கள், பார்த்தாலே அவனுக்கு எல்லாம் ஞாபகம் வரும். வேறு நிறத்தில், முனை மழுங்கிய புதிய சீப்பு வாங்குங்கள். கோழிக்கறியை உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்துக் கடலைப்பருப்பு அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோழி வேறு எந்த நேரத்திலும் கிடைக்கக் கூடாது. முதல் நாள் சீப்பு தரையில் கிடக்கட்டும், அவனாகப் பார்த்தால் ஒரு துண்டு, அவ்வளவுதான். மூன்று நிமிடம், நிறுத்திவிடுங்கள். அவன் சீப்பைப் பார்த்ததும் உங்கள் முகத்தை ஆவலோடு பார்க்கிற நாள் வரும், அதன் பிறகுதான் தொடுவது. முதலில் வெறுங்கையால் தோளில் ஒரு நொடி, உடனே கோழி. தோள் சரியானால் முதுகு, பிறகு மார்பு. காலும் காதும் கடைசி.

இதில் பலரும் தவறுகிற இடம் வரிசை. முதலில் தொடுதல், பிறகு கோழி. கோழியைக் காட்டி மயக்கிவிட்டு, அவன் சாப்பிடும்போது சட்டென்று சீப்பை வைத்தால், ‘கோழி வந்தால் ஏதோ வலிக்கப் போகிறது’ என்று பாடம் தலைகீழாகப் போய்விடும், பிறகு கோழியைப் பார்த்தே கட்டிலுக்கு அடியில் ஓடுவான். தட்டில் கெட்டித் தயிர் தடவி நக்கவிட்டுச் சீவுவதும் உண்டு. ஏற்கெனவே பயம் போன நாய்க்கு அது நல்லது, அப்புவுக்கு இப்போது வேண்டாம்.

கையைத் தாங்கிக்கொள்ள ஆரம்பித்ததும் ஒரு மடித்த துண்டைத் தரையில் வைத்து, அதில் மோவாயை வைக்கப் பழக்குங்கள். மோவாய் துண்டில் இருக்கும்வரை சீப்பு நடக்கும். தலையைத் தூக்கினால் அந்த நொடியே கை விலக வேண்டும், ஒரு இழுப்புதான் பாக்கி என்றாலும் விலக வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த சிராக் பட்டேல் என்ற பயிற்சியாளர் இதையே ஒரு டப்பாவை வைத்துச் செய்வார். தீனி டப்பாவை நாய் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை தொடரும், பார்வையைத் திருப்பினால் நின்றுவிடும். நிறுத்தச் சொல்லும் உரிமை கிடைத்த நாய் அதைக் கொஞ்ச நாளிலேயே அபூர்வமாகத்தான் பயன்படுத்தும். என் வீட்டு மேசையடியில் பலமுறை பார்த்துவிட்டேன், இன்னும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது.

இதைக் கற்க நான் கொடுத்த விலை உண்டு. கறுப்பி என்று எங்களிடம் ஒரு தெருநாய் இருந்தாள். அவளை அழுத்திப் பிடித்து நகம் வெட்டியபோது உள்ளே இருக்கும் ரத்தக்குழாயையும் நரம்பையும் சேர்த்து வெட்டிவிட்டேன். கறுப்பு நகத்தில் அது வெளியே தெரியாது. அதற்குப் பிறகு நகம்வெட்டி இருந்த டிராயரைத் திறக்கும் சத்தத்துக்கே இரண்டு வருடம் நடுங்கினாள். கடைசியில் ஒரு பலகையில் உப்புத்தாள் ஒட்டி, அதை அவளே பிறாண்டக் கற்றுக்கொடுத்தேன். நான் தொடாமலே முன்னங்கால் நகங்கள் தேய்ந்துவிட்டன. அப்புவுக்கும் அதிலிருந்தே தொடங்குங்கள், கால் பயத்துக்கு மிக நல்லது. நகம்வெட்டி வாங்கும் நாளில் கொஞ்சம் சோள மாவும் பக்கத்தில் இருக்கட்டும், ரத்தம் வந்தால் அழுத்தி வைக்க.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். வாரக்கணக்கு இல்லை, மாதக்கணக்கு. இடையில் முடி வெட்டியே ஆக வேண்டும் என்றால், பயத்தைக் குறைக்கும் மாத்திரை தரலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கபாபென்டின், டிராசடோன் போன்றவற்றை அவர்கள் எழுதித் தருவதுண்டு. நீங்களாக மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை கடைக்குப் போனால் ‘நான் பக்கத்தில் இருக்கலாமா’ என்று கேளுங்கள். கூடாது என்று சொல்கிற இடத்தில் அவனை விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: அன்புள்ள சகோதரிக்கு, எங்கள் பொமரேனியனுக்கு வேலூர் வெயிலுக்காக மொட்டை போட்டுவிடலாமா?
— வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம் ஐயா. மேலே அப்புவுக்கு மழிக்கச் சொன்னேனே என்று தோன்றும், இரண்டும் வேறு முடி. பொமரேனியனுக்கு இரண்டு அடுக்கு. வெளி முடி வெயில் தோலில் படாமல் காக்கிறது. ஒட்ட மழித்தால் சில நாய்களுக்குத் திரும்பச் சரியாக முளைக்காமல் திட்டுத்திட்டாக நின்றுவிடும். உதிர்ந்த உள்முடியை வாரம் இரண்டு மூன்று முறை சீவி எடுத்தால் காற்று உள்ளே போகும், அது போதும். பாதத்துக்கு அடியில், பின்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வெட்டிவிடலாம்.

கேள்வி: அக்கா, தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் எங்கள் செல்விக்கு உடம்பெல்லாம் உண்ணி. குளியலறைக்குத் தூக்கிப் போனாலே நடுங்குகிறாள். மண்ணெண்ணெய் தடவினால் போகும் என்கிறார்களே?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: தடவவே கூடாது. தோல் வெந்துவிடும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். உண்ணிக்கு இப்போது மாத்திரையும் பிடரியில் விடும் சொட்டு மருந்தும் இருக்கின்றன, எடையைப் பார்த்து மருத்துவர் தருவார். வீட்டில் பூனையும் இருந்தால் அவரிடம் அவசியம் சொல்லுங்கள், நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுப்பு இருந்தால் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், உண்ணிக் காய்ச்சல் நாய்களுக்கும் வரும்.

நடுக்கத்துக்குப் பாதிக் காரணம் வழுக்குகிற தரையாக இருக்கலாம். ஒரு ரப்பர் விரிப்போ பழைய சாக்கோ போட்டுப் பாருங்கள். சில நாள் அங்கே தண்ணீரே இல்லாமல் சோறு மட்டும் வையுங்கள். பிறகு குவளையைச் சத்தமில்லாமல் சாய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் காலில் மட்டும் ஊற்றுங்கள், தலைக்கு ஈரத்துணி போதும். நம் ஷாம்பூ வேண்டாம், அது நம் தோலின் அமிலத்தன்மைக்குச் செய்தது, நாய்த் தோல் அப்படி இல்லை. அதுவரை மாலையில் திண்ணையில் உட்கார்ந்து நனைத்துப் பிழிந்த துண்டால் துடைத்துவிடுங்கள், துடைக்கும்போதே காதுமடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.